டக்கா, கிறீச்சா? புதுக் காருக்குள் வந்த சத்தம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோட்டில் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கும் சிறிய பட்டறை எங்களுடையது. மே மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு பள்ளி ஆசிரியை தன் புதுக் காரைக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஓடியது 1,900 கிலோமீட்டர். பேட்டரி கார். பணி ஓய்வுக்கு ஒரு வருடமே இருக்கும்போது, சேமிப்பில் பெரும்பங்கைப் போட்டு வாங்கியிருந்தார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகவர ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர், பெரும்பாலும் அவர் மட்டுமே ஓட்டுவார்.

அதற்கு முன்பு அவரிடம் இருந்தது 13 வயதான டீசல் கார். "அந்த வண்டியில இத்தன வருசத்துல இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லைங்க தம்பி. இதுக்குள்ள உக்காந்தா காதுக்குள்ள யாரோ நகத்தால சொரண்டுற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. பழைய வண்டியிலும் சத்தம் இருந்திருக்கும், டீசல் இன்ஜினின் இரைச்சல் அதை மூடியிருக்கும். பேட்டரி காரில் அந்த மூடி கிடையாது. ஒரு கிளிப் ஆடினாலும் ஓட்டுபவர் காதுக்கு வந்துவிடும்.

இந்த வழக்கை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், உள்சத்தத்தை அற்ப விஷயம் என்று தள்ளும் பழக்கம்தான். சத்தம் வந்த திசையில் கண்ணைத் திருப்பியபோது, குறுக்கே வந்த பைக்கை ஒரு மயிரிழையில் தவிர்த்ததாக அவர் சொன்னார். அதன் பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்கியிருக்கிறார். ஹாரன் காதில் விழாத அளவுக்கு ரேடியோ வைத்து ஓட்டுவது எந்தவிதத்திலும் அற்பம் இல்லை.

எங்களிடம் வருவதற்கு முன்

வாங்கிய இடத்தின் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போயிருந்தார். முதல் இரண்டு முறையும் காலை 9 மணிக்கு வண்டியை விட்டிருக்கிறார். ஊழியர் ஒருவர் ஏ.சி.யும் பாட்டும் ஓடிக்கொண்டிருக்க ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் ஒண்ணும் வரலைங்க மேடம், புது வண்டி செட்டாக கொஞ்ச நாள் ஆகும்" என்று அனுப்பியிருக்கிறார். ஜாப் கார்டில் (புகாரையும் வேலையையும் எழுதும் சீட்டு) புகார் இருந்த வரி 'உள்ளே சத்தம்' என்ற இரண்டே சொற்கள். டயர் காற்று என்ற இடத்தில் 'சரி' என்று டிக் இருந்தது.

மூன்றாம் முறை அவர் கறாராகப் பேசியதால் குளோவ் பாக்ஸையும் டேஷ்போர்டின் இடது ஓர மூடியையும் கழற்றி, உள்ளே ஸ்பாஞ்சு வைத்து மூடியிருக்கிறார்கள். பழைய சத்தம் அப்படியே இருந்தது. அதோடு புதிதாக ஒரு லொடலொட சேர்ந்துகொண்டது.

வாரண்டி விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வண்டியின் செயல்பாட்டைப் பாதிக்காத சத்தம், அதிர்வு போன்றவை வாரண்டியில் அடங்காது என்ற வரி பல நிறுவனங்களின் கையேட்டில் இருக்கிறது. 'சத்தம் வருது' என்று மட்டும் சொன்னால் அந்த வரியைக் காட்டி அனுப்பிவிட முடியும். 'இந்தப் பாகம் சரியாக மாட்டப்படவில்லை' என்று காட்டினால் அப்படி அனுப்ப முடியாது. எங்கள் முழு வேலையும் முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதுதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதல் நாள்: ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை

அவரை உட்காரவைத்து, சத்தத்தை வாயாலேயே செய்து காட்டச் சொன்னேன். முதலில் கூச்சப்பட்டார், பிறகு அழகாகச் செய்தார். மூன்று சத்தங்கள் வந்தன. பின்னாலிருந்து 'டக்டக்'. குளோவ் பாக்ஸ் பக்கம் 'லொடலொட'. முன்கண்ணாடிக்குக் கீழே எங்கோ 'கிறீச்... கிறீச்'.

இது விளையாட்டுக்குக் கேட்டதல்ல. நம் மொழியில் சத்தத்துக்கு இருக்கும் சொற்களே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். டக், லொட, கட என்றால் நடுவில் இடைவெளி இருக்கிறது, இரண்டு பொருள்கள் மோதிக்கொள்கின்றன. அங்கே இறுக்க வேண்டும், அல்லது நடுவில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். கிறீச், கீச், நறநற என்றால் இடைவெளியே இல்லை, இரண்டு பரப்புகள் ஒட்டி ஒட்டி நழுவுகின்றன. அங்கே இன்னும் இறுக்கினால் சத்தம் கூடும். உராய்வைக் குறைக்கவோ இரண்டையும் பிரிக்கவோ வேண்டும். 'ஜ்ஜ்' என்று வண்டு ரீங்கரிப்பதுபோல் வந்தால் மெல்லிய தகடோ வயரோ அதிர்கிறது. வைத்தியம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். 'உள்ளே சத்தம்' என்று எழுதினால் இந்த வித்தியாசம் முழுக்கத் தொலைந்துபோகிறது.

அடுத்து, எப்போது வருகிறது என்று கேட்டேன். டக்டக் அவர் தெருவில் வரும். பேவர் பிளாக் போட்ட தெரு அது. கிறீச் பள்ளி விட்டுத் திரும்பும்போது வரும், காலையில் போகும்போது வராது. இந்தக் கடைசித் தகவல் மூன்று ஜாப் கார்டிலும் இல்லை. யாரும் கேட்கவில்லை என்றார்.

வண்டியை முழுதாகக் காலி செய்தோம். கதவுப் பையிலிருந்து ஸ்டீல் தண்ணீர் பாட்டில், சில்லறை டப்பா, இரண்டு சாக்பீஸ் பெட்டி, மேலே கண்ணாடிக் கூடு, சீட்டுக்கு அடியில் குடை. டேஷ்போர்டு நடுவில் இருந்த சிறிய பிள்ளையாரை எடுக்க அவருக்கு மனமில்லை. விரலால் அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. ஏர்பேக் திறக்கும் இடத்திலும் இல்லை. அப்படியே விட்டோம்.

டிக்கியில் ஒரு பை இருந்தது. வீட்டு பிளக்கில் போட்டு சார்ஜ் செய்யும் வயரும் அதன் கனமான பெட்டியும் அதற்குள். பை தரையோடு டிக்கி ஓரத்துப் பிளாஸ்டிக்கில் சாய்ந்து கிடந்தது. பழைய துண்டில் சுற்றிக் கீழ்த்தட்டில் இறுக்கி வைத்தோம்.

இரண்டாம் நாள்: டயர்

மறுநாள் காலை 6 மணிக்கு அவர் வீட்டுக்கே போனேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் காற்றைச் சரியாக அளக்க முடியும். கதவோரத்து ஸ்டிக்கரில் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு). மூன்று டயரில் 44 இருந்தது, ஒன்றில் 43.

இது அபூர்வம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து லாரியில் வந்து வாரக்கணக்கில் யார்டில் நிற்கும்போது டயர் ஓரிடத்தில் தட்டையாகிவிடாமல் இருக்கக் காற்றை அதிகமாக அடித்து அனுப்புவார்கள். டெலிவரிக்கு முன்பு அதை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல் ஒவ்வொரு மேடுபள்ளமும் நேராக உள்ளே வரும்.

பேவர் பிளாக் தெருவில் இது இன்னும் மோசமாகும். கல் ஒன்று சுமார் 20 சென்டிமீட்டர் நீளம் என்று வையுங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 தட்டு. தொடர்ந்து அப்படித் தட்டினால், தார் ரோட்டில் வாய் மூடிக் கிடக்கும் பாகமும் பேசத் தொடங்கும்.

35-க்கு இறக்கிவிட்டு அதே தெருவில் போய்வந்தோம். டக்டக் முழுதாக நின்றது. லொடலொட குறைந்தது. டக்டக் போனதில் பாதி டயருக்கு, பாதி சார்ஜர் பைக்கு என்று நினைக்கிறேன். பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஏனென்றால் முதல் நாளே பையைக் கட்டிவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்பவன் நான், இங்கே நானே அதைத் தவறவிட்டேன்.

லொடலொடவைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குளோவ் பாக்ஸ் மெதுவாக இறங்க ஒரு பக்கம் சிறிய டேம்பர் இருக்கும். கழற்றி மாட்டியவர்கள் அதைத் திரும்பக் கொக்கியில் போடவில்லை. கொக்கியில் போட்டு, மூடி வந்து உட்காரும் விளிம்பில் நுரை டேப் ஒட்டினேன். அந்த டேப்பைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

வெயிலுக்காகக் காத்திருந்தது

மிச்சம் இருந்தது கிறீச். காலையில் எத்தனை முறை ஓட்டினாலும் அது வரவில்லை. சர்வீஸ் சென்டரின் "வரலைங்க மேடம்" பொய் இல்லை என்பது அப்போது புரிந்தது. வராத நேரத்தில் தேடியிருக்கிறார்கள்.

மே மாத ஈரோட்டு வெயிலில் வண்டியைப் பள்ளி வாசலில் நிற்பதுபோலவே கண்ணாடி மூடி, முன்பக்கம் மேற்குப் பார்க்க நிறுத்தினோம். 12 மணியிலிருந்து இரண்டரை வரை. திறந்தபோது டேஷ்போர்டில் கை வைக்க முடியவில்லை.

டேஷ்போர்டு இரண்டு பக்கத் தூண்களுக்கு நடுவே மாட்டிய ஒரு நீளமான பிளாஸ்டிக். கார்களில் போடும் பிளாஸ்டிக், பெரும்பாலும் எஃகைவிட நான்கைந்து மடங்கு விரியும். ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், காலைக்கும் மதியத்துக்கும் 45 டிகிரி வித்தியாசம் என்றால், எஃகு முக்கால் மில்லிமீட்டர் நீளும் இடத்தில் பிளாஸ்டிக் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். அதற்கென்றே ஓரங்களில் இடைவெளி விட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். அந்த இடைவெளியை வேறு ஏதாவது பிடித்துக்கொண்டால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு உரசும்.

ஏ.சி., பாட்டு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டீச்சரையே ஓட்டச் சொன்னேன். நான் முன்னால் இடப்பக்கம், பட்டறைப் பையன் பின்சீட்டில். வியர்வை வழிய இரண்டாவது வேகத்தடையிலேயே வந்துவிட்டது: கிறீச்.

டீச்சர் அது நடுவிலிருந்து வருகிறது என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. பின்னால் இருந்த பையன் "இல்லைங்கண்ணா, லெஃப்ட் ஓரம்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. முன்கண்ணாடி சத்தத்தை வாங்கித் திருப்பி அனுப்பும், முன்சீட்டில் இருப்பவருக்குத் திசை குழம்பிவிடும். ஓட்டுபவரின் காதை மட்டும் நம்பி டேஷ்போர்டைப் பிரிப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

கண்ணாடியின் இடது ஓரத்தில் மேலேறும் தூணின் பிளாஸ்டிக் உறையைக் கட்டை விரலால் அழுத்தினேன். சத்தம் நின்றது. விட்டேன், வந்தது. ஐந்து முறை இப்படி. பிறகு சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து, டேஷ்போர்டின் முனையும் தூணின் உறையும் தொடும் இடுக்கில் செருகினேன். கார்டு போவதற்கே கஷ்டப்பட்டது. வலப்பக்கம் அதே இடத்தில் இரண்டு கார்டு தாராளமாகப் போனது. இடது உறை சற்று முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். கார்டு உள்ளே இருந்தவரை ஆறு வேகத்தடையிலும் ஒரு சத்தமும் இல்லை. பையன் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தான்.

உறை ஏன் துருத்துகிறது? டார்ச் அடித்துப் பார்த்தபோது உறையின் மேல் விளிம்பில் ஒரு கறுப்பு வயர் தெரிந்தது. கண்ணாடியில் இருந்த டேஷ்கேமின் (ரோட்டைப் படம் பிடிக்கும் சிறிய கேமரா) வயர். டெலிவரிக்கு முன்பு ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்தது என்றார் டீச்சர்.

ஏன் நாங்கள் திறக்கவில்லை

உறையைப் பிடுங்கி வயரை ஒதுக்கிவிட்டு மூடுவது பத்து நிமிட வேலை. டீச்சரும் "நீங்களே பண்ணிருங்க தம்பி, திரும்ப அங்க போக எனக்குத் தெம்பு இல்லை" என்றார். இருந்தும் நான் மறுத்தேன்.

அந்தத் தூணுக்குள்தான் பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கின் முன்முனை இருக்கிறது. மோதல் நடந்தால் அது கூரை ஓரத்திலிருந்து பக்கக் கண்ணாடியை மூடியபடி கீழே விரியும். உறை அப்போது தெறித்து முகத்தில் அடிக்காமல் பிடித்துக்கொள்ள, வார் வைத்த தனி கிளிப் போட்டிருப்பார்கள். அதை ஒரு முறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. அந்தக் கிளிப் என்னிடம் இல்லை. ஏர்பேக் பக்கம் கை வைக்கும் முன் 12 வோல்ட் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். பேட்டரி காரிலும் இந்தச் சிறிய பேட்டரி தனியாக இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட, டேஷ்கேம் வயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போகாமல் முன்னால் போயிருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. அப்படி இருந்தால், செய்தவர்களே திறந்து, பார்த்து, எழுத்தில் கொடுக்க வேண்டிய விஷயம் அது. நான் திறந்திருந்தால் "வெளியில கை வைச்சிருக்காங்க" என்ற ஒரே வாக்கியத்தில் அவர் உரிமை போயிருக்கும்.

அதனால் இரவே ஒரு பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எந்த நேரம், எந்த வெப்பம், எந்த வேகம், எந்த ரோடு, எங்கே அழுத்தினால் நிற்கிறது, இடப்பக்கம் எத்தனை கார்டு, வலப்பக்கம் எத்தனை கார்டு, வீடியோ. கீழே மூன்று கோரிக்கைகள்: டேஷ்கேம் வயர் ஏர்பேக்குக்குப் பின்னால், வண்டியின் சொந்த வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும், தூண் உறையின் கிளிப்புகள் புதிதாகப் போடப்பட வேண்டும், இரண்டும் ஜாப் கார்டில் பாகத்தின் பெயரோடு எழுதப்பட வேண்டும். மதியம் 2 மணிக்குப் போங்கள், வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுபோங்கள் என்றும் சொன்னேன்.

நடந்தது

சர்வீஸ் சென்டரின் மூத்த டெக்னீசியன் அவரோடு உட்கார்ந்து போய்வந்தார். அன்று அவருக்கும் கேட்டது. உறையைக் கழற்றியபோது டீச்சர் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார். வயர் ஏர்பேக்கின் முன்னால்தான் ஓடியிருந்தது. ஒரு கிளிப் உடைந்து அதன் தலை பாடியின் ஓட்டையிலேயே மாட்டியிருந்தது. அதனால் உறை உட்காரவில்லை. துருத்தியதற்கு அதுவே காரணம்.

வயரைப் பின்னால் மாற்றி, கிளிப்புகளைப் புதிதாகப் போட்டு, டேஷ்போர்டு முனையில் மெல்லிய ஃபெல்ட் துண்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை. அந்த டெக்னீசியன் நேர்மையானவர்; துணைப்பொருள் மாட்டும் பிரிவின் தவறு என்று அவரே ஜாப் கார்டில் எழுதினார். முதல் நாளே அவரிடம் போயிருந்தால் மூன்று நடை மிச்சமாகியிருக்கும்.

கிறீச் அதோடு போயிற்று. பத்து நாள் கழித்து டீச்சர் போன் செய்து, ரேடியோ இல்லாமல் ஓட்டுவதாகச் சொன்னார்.

ஜூன் மாதம் குளோவ் பாக்ஸ் திரும்பப் பேசியது. அது என் தவறு. நான் ஒட்டிய சாதாரண நுரை டேப்பின் பசை வெயிலில் இளகி, டேப் கீழே வழிந்து, விளிம்பில் கறுப்புப் பிசுக்காக ஒட்டியிருந்தது. நுரை நசுங்கித் தட்டையானதும் அதுவே பிளாஸ்டிக்கில் உரசவும் தொடங்கியிருந்தது. துடைத்து எடுத்துவிட்டு, காரின் வயர்க்கட்டுகளில் சுற்றுகிற, வெப்பம் தாங்கும் துணி டேப்பை ஒட்டினேன். அதற்குப் பிறகு அங்கே சத்தம் இல்லை.

நவம்பர் மழையில் பின்கதவிலிருந்து ஒரு கிறீச் வந்தது, சாய்தளத்தில் கோணலாக ஏறும்போது மட்டும். பாடி லேசாக முறுக்கும்போது கதவு ரப்பர் உரசுகிற சத்தம் அது. ரப்பரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மெல்லியதாகத் தடவினோம். டீச்சரின் மகன் வீட்டிலிருந்த துருநீக்கி ஸ்பிரேயை அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பெட்ரோலிய எண்ணெய் கலந்தவை கதவு ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும் என்று தடுத்தோம்.

ஒரு சத்தம் இன்றும் இருக்கிறது. அதிகாலையில் ஏ.சி. போடும்போது ஸ்டியரிங் பக்கம் 'டிக்' என்று ஒன்றிரண்டு முறை. பிளாஸ்டிக் சூடேறவோ குளிரவோ செய்யும்போது கிளிப்பில் நகர்ந்து உட்காரும் சத்தம். அதைத் தேடிப் பிரித்தால் நல்ல கிளிப்புகளும் தளர்ந்துபோகும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கிளிப் கொஞ்சம் பிடியை இழக்கிறது. விட்டுவிடலாம் என்று சொன்னேன், காரணத்தையும் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

இனி மாற்றிச் செய்வது

சார்ஜர் பையையும் டயரையும் தனித்தனியாகச் சோதித்திருக்க வேண்டும். இப்போது டயரை முதலில் அளந்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் டிக்கியைத் திறக்கிறோம். காருக்குள் நுரை டேப் ஒட்டுவதை நிறுத்திவிட்டேன்.

புது வண்டி வாங்கியவர் சத்தம் என்று வந்தால், டெலிவரிக்கு முன்போ பின்போ என்னென்ன மாட்டினீர்கள் என்பதை டயருக்கும் முன்பாகக் கேட்கிறோம்: டேஷ்கேம், ஜி.பி.எஸ்., ஸ்பீக்கர், சீட் கவர், கால்மிதி விளக்கு. தூண் வழியாக வயர் போகும் எதுவாக இருந்தாலும், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், அது ஏர்பேக்குக்கு முன்னாலா பின்னாலா என்று மாட்டியவரிடம் எழுதி வாங்கச் சொல்கிறோம். டீச்சர் வண்டியில் கிறீச் வந்திராவிட்டால் அந்த வயர் அங்கேயே இருந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எங்கள் பட்டறை ஜாப் கார்டையும் மாற்றி அச்சடித்துவிட்டோம். 'உள்ளே சத்தம்' என்ற கட்டம் இருந்த இடத்தில் இப்போது நான்கு வரி காலியாக இருக்கிறது: என்ன மாதிரி சத்தம் (உங்கள் வாயில் வருகிறபடியே), எந்த நேரம், எந்த ரோடு, எந்தப் பக்கம். டீச்சர் போன மாதம் சர்வீஸுக்கு வந்தபோது நான்கையும் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.